காக்கி கவர்

எங்கள் லேபுக்கு வருகிற யாருடைய மானமும் போய்விடக் கூடாது என்பதில் முதலாளி ரொம்பக் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பால்தான் திருப்பாதிரிப்புலியூரில் பல பேருடைய மானம் போயிற்று.

ரயில்வே ஸ்டேஷனுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே இரண்டு அறை கொண்ட லேப் அது. நான் அங்கே டெக்னீஷியன். சர்க்கரை, தைராய்டு, டெங்கு, மூத்திரம் என்று எந்த ரிப்போர்ட்டாக இருந்தாலும் வெள்ளைக் கவரில் செருகி, வாயை ஒட்டாமல் அப்படியே கொடுத்துவிடுவோம். ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் விதிவிலக்கு. அதில் நோய் இருப்பதாக வந்துவிட்டால் முதலாளியே எழுந்து வருவார். ரிப்போர்ட்டைக் காக்கி கவரில் போட்டு, பசை தடவி ஒட்டி, அதன் மேல் ஸ்டேப்ளர் அடித்து, ஒட்டின இடத்தில் கையெழுத்தும் போடுவார்.

"ரகசியம் முக்கியம்மா. ஒரு குடும்பமே நம்ம கையில இருக்குது" என்பார்.

ரகசியம் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, எங்கள் படியில் இறங்குகிறவர் கையில் இருப்பது வெள்ளையா காக்கியா என்று பார்ப்பதே பொழுதுபோக்கானது. ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு டிரைவர், காக்கி கவரோடு ஏறினவருக்குத் தானாகவே சைடு ஸ்கிரீனை இறக்கிவிட்டாராம். அதை உபகாரமென்று நினைத்துத்தான் செய்தார். ஒருநாள் ஒரு மனிதர் ரிப்போர்ட் வாங்க வந்து, கவுன்ட்டருக்கு இரண்டடி தள்ளியே நின்றுகொண்டு, "மேடம், கவரு என்னா கலரு?" என்று கேட்டார். வெள்ளை என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டு போனார். அவருக்குச் சர்க்கரை நானூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். "சார், எல்லாத்தையும் காக்கியில போடுங்க. இல்லன்னா எல்லாத்தையும் வெள்ளையில போடுங்க."

"அப்ப வித்தியாசம் தெரியாதேம்மா?"

"அதான் சார் வேணும்."

"வித்தியாசம் தெரியலன்னா நான் எப்படி ஜாக்கிரதையா எடுத்துக் குடுப்பேன்?"

இதற்கு மேல் அவரிடம் பேச எனக்குப் படிப்பு போதவில்லை.

அந்த நோயின் பெயர் சிபிலிஸ். எங்கள் லேபில் இந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டர்கள் சீட்டில் வி.டி.ஆர்.எல். என்று நாலு எழுத்தை எழுதி அனுப்புவார்கள். ஜனங்கள் வாயில் அந்த நாலு எழுத்து தேய்ந்து "வீட்டாரு டெஸ்ட்டு" ஆகிவிட்டது. "கர்ப்பமா இருக்கேன்ல, வீட்டாரு டெஸ்ட்டு எழுதியிருக்காங்க" என்று பெண்கள் வந்து கையை நீட்டுவார்கள். முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்தால் அதைவிடச் சரியான பெயர் வைத்துவிட முடியாது. அது வீட்டாரைப் பற்றிய டெஸ்ட்தானே.

இந்தக் கிருமியைப் பற்றி நான் சிதம்பரத்தில்தான் படித்தேன். படித்தேன் என்றால் மனப்பாடம் செய்தேன். புரியவைத்தவள் என்னோடு படித்த ஒரு மங்கலம்பேட்டைக்காரி. உடம்பு இந்தக் கிருமிக்கு எதிராக ஏராளமாக ஆன்டிபாடி தயாரிக்கிறது, இருந்தும் கிருமி வருஷக்கணக்கில் உள்ளேயே குடியிருக்கிறது, எப்படி என்பது பரீட்சைக் கேள்வி. புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் பதில் இருந்தது. நான் உருப்போட்டுக்கொண்டிருந்தபோது அவள் புத்தகத்தைப் பிடுங்கி மூடினாள்.

"இதக் கேளுடி. மத்த கிருமிக்கெல்லாம் மேல்சவ்வுல புரதம் புரதமா நீட்டிக்கிட்டு நிக்கும். ஆன்டிபாடி வந்து அதத்தான் புடிக்கும். இதுக்கு மேல பாத்தா வழவழன்னு வெறும் கொழுப்பு. அங்கொண்ணு இங்கொண்ணுதான் புரதம். மத்ததெல்லாம் சவ்வுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்குது. ஆன்டிபாடி பக்கத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும். புடிக்கறதுக்குத்தான் ஒண்ணும் மாட்டாது."

"அப்புறம் ஆன்டிபாடி எப்படி உண்டாச்சு? ஒடம்புக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கிருமி செத்து ஒடையும்ல, அப்ப உள்ள இருக்கறது வெளிய கொட்டும். அதப் பாத்துட்டு ஒடம்பு ஆன்டிபாடி செஞ்சு குவிக்குது. செத்ததுக்கு எதிரா செய்யிறது, உசுரோட இருக்கறது மேல ஒட்ட மாட்டேங்குது. போதாததுக்கு நம்ம ஒடம்புப் புரதத்தையே எடுத்து மேல பூசிக்குமாம். காவலுக்கு வர்றவன் பாத்தா நம்ம ஆளுதான்னு போயிடுவான்."

பிறகு கோபுரம் இருக்கும் திசையில் கையைக் காட்டினாள். "இந்த ஊரு ரகசியத்துக்கு நேர் எதிரு. கோயில்ல திரைய வெலக்கினா உள்ள வெட்டவெளி. இதுல வெளியதான் வெட்டவெளி. சமாச்சாரமெல்லாம் திரைக்கு உள்ள."

பரீட்சையிலும் ஏறக்குறைய இதையே எழுதிவைத்தாள். மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். இன்று அவள் சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறாள். நான் இந்த இரண்டு அறையில் இருக்கிறேன்.

எங்கள் லேபில் செய்கிற டெஸ்ட் அந்தக் கிருமியைத் தேடுவதுகூட இல்லை. ஒருவிதக் கொழுப்புக்கு எதிராக ரத்தத்தில் ஏதாவது உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கிறது. அந்தக் கொழுப்பை ஆதியில் மாட்டு இருதயத்திலிருந்து எடுத்தார்கள். சுத்த சைவக் குடும்பங்களின் மானத்தையும் அதை வைத்துத்தான் அளந்திருக்கிறோம். இதே கொழுப்பு நம் உடம்பின் செல்களிலும் இருக்கிறது. செல் அடிபட்டால், விஷக் காய்ச்சல் வந்தால், சிலவகை மூட்டு நோய் இருந்தால், சில சமயம் சும்மா கர்ப்பமாக இருந்தாலே, இல்லாத நோயை இருக்கிறதென்று இந்த டெஸ்ட் சொல்லிவிடும். அதனால் காக்கி கவர் வாங்குகிற ஒவ்வொரு பெண்ணிடமும் நான் ஒரு வாக்கியம் சொல்வேன். "பயப்படாதீங்கம்மா, பொய்யாவும் வரும், இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கலாம்." மூச்சு விடாமல் சொல்லப் பழகியிருந்தேன். சொல்லும்போதே அடுத்தவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்ட ஆரம்பித்திருப்பேன்.

என் கல்யாணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கணவர் ஒரு மருந்து கம்பெனியில் ரெப். கர்ப்பிணிகளுக்கான இரும்புச்சத்து டானிக்கைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம், விருத்தாசலம், பாண்டிச்சேரி என்று டாக்டர் டாக்டராகப் போய்ப் பார்ப்பார். வாரத்தில் இரண்டு ராத்திரி லாட்ஜில் தங்குவார். பேச்சுக் குறைவு. அதிகம் பேசாத மனிதர் எப்படி ரெப் ஆனார் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்காத விஷயம். பெண் பார்க்க வந்த அன்று, "பொண்ணு ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்" என்று ஒரு பெரியவர் பெருந்தன்மையாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொள்வேன் என்று எதிர்பார்த்துச் சொன்ன வார்த்தை அது. நான் நிமிர்ந்து, "உங்க ப்ளட் குரூப் என்னங்க?" என்று கேட்டேன். கூடத்தில் பஜ்ஜி மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. சம்பளத்தைக் கேட்டிருந்தால்கூட என் மாமியார் அப்படி முகம் சுளித்திருக்க மாட்டார். மாப்பிள்ளை மட்டும் லேசாகச் சிரித்து, "பி பாசிட்டிவ்ங்க" என்றார். அன்று மாலை அம்மாவிடம் நான் வாங்கிய திட்டைத் தனியாகவே எழுதலாம். ஆனாலும் எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஜாதகக் கட்டத்தை நம்பாமல் விஞ்ஞானத்தைக் கேட்டவள் என்று என் தோளை நானே தட்டிக்கொண்டு பல நாள் திரிந்தேன்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் கர்ப்பமானேன். மூன்றாம் மாதம் டாக்டர் வழக்கமான டெஸ்ட்டுகளை எழுதித் தந்தார். காலையில் லேப் திறப்பதற்கு முன்பே போய், ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, என் இடது கையிலிருந்து நானே ரத்தம் எடுத்தேன். எல்லாவற்றையும் முடித்துவிட்டு வீட்டாரு டெஸ்ட்டுக்கு வந்தேன். வெள்ளை அட்டையில் வட்டம் வட்டமாக இருக்கும். அதில் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தை வைத்து, கறுப்புத் துகள் கலந்த மருந்தை ஒரு சொட்டு விட்டு, எட்டு நிமிடம் சுற்ற வேண்டும். ஒன்றுமில்லையென்றால் ஒரே சீரான சாம்பல் நிறமாக இருக்கும். என்னுடைய வட்டத்தில் மாவில் ரவை விழுந்தது மாதிரி பொடிப்பொடியாகத் திரண்டிருந்தது.

மூன்று முறை செய்தேன். புது கிட்டைப் பிரித்துச் செய்தேன். சீரத்தோடு சமபங்கு உப்புநீர் சேர்த்துப் பார்த்தேன், அப்போதும் திரண்டது. இன்னும் நீர்த்தபோதுதான் மறைந்தது. கொஞ்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருக்கிறது.

"பயப்படாதீங்கம்மா, பொய்யாவும் வரும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனை உதவாக்கரை வாக்கியம் அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போன பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒருத்தியாவது என்னை அறைந்திருக்கலாம்.

ரிஜிஸ்டரில் எழுதவில்லை. அட்டையை நாலாகக் கிழித்துக் கழிவுத் தொட்டியில் போட்டேன். முதலாளி வந்து, "என்னம்மா, உன்னுது எல்லாம் பாத்துட்டியா?" என்றதற்கு, "நார்மல் சார்" என்றேன்.

நோய் உண்மையாக இருந்தால் குழந்தைக்குப் போகும். வயிற்றிலேயே குழந்தையைக் கொன்றாலும் கொல்லும். ஆனால் இப்போதே தெரிந்துகொண்டால் பென்சிலின் ஊசி இருக்கிறது, காப்பாற்றிவிடலாம். அதனால் குழந்தையை நினைத்துத்தான் பயந்தேன் என்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. என் பயம் அதைவிட மட்டமானது. இது எங்கிருந்து வந்தது என்பதுதான் அந்தப் பயம். நான் கொண்டுவரவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் வீட்டுக்கு வந்த வழி ஒன்றுதான். அந்த வழி வாரத்தில் இரண்டு ராத்திரி லாட்ஜில் படுக்கிறது.

பத்து நாள் அவரைக் கண்காணித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. சட்டையில் வியர்வை வாசனை. பையில் டானிக் சாம்பிளும், லாட்ஜில் தருகிற பிரிக்காத குட்டி சோப்பும் இருந்தன. சோப்பு ஏன் பிரிக்கப்படவில்லை என்று அரைநாள் யோசித்தேன். அப்படியென்றால் அங்கே எந்த சோப்பில் குளித்தார்? போனுக்குப் பூட்டே கிடையாது. பூட்டு வைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பூட்டாமல் வைத்திருப்பவன் எவ்வளவு தைரியசாலியாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு மசக்கை என்று சாத்துக்குடி உரித்துக் கொடுத்தார். அதுவும் சந்தேகத்துக்கு இடமாயிற்று. மேலே ஒன்றுமே இல்லையென்றால் உள்ளே எல்லாம் இருக்கிறது என்றுதானே நான் படித்திருந்தேன். பரீட்சைக்கு உருப்போட்டதைப் புருஷன் மேல் பிரயோகித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சிரிஞ்சும் பஞ்சுமாகப் போய் நின்றேன்.

"என்னங்க, உங்க ப்ளட் குரூப் பாக்கணும். டெலிவரி சமயத்துல அவசரத்துக்குத் தேவைப்படும்."

பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார் என்பது இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, "எடுத்துக்கோ" என்று கையை நீட்டினார்.

ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இவ்வளவு லேசாக ஏமாறுகிறாரே என்று நினைத்தேன். மாமியார்தான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஊருல இருக்கறவங்க ரத்தமெல்லாம் பத்தலியா? ஏண்டி லீவுநாள்லகூட அவன் ரத்தத்த உறிஞ்சற?" என்றார்.

மறுநாள் அவருடைய ரத்தத்துக்கும் அதே டெஸ்ட்டைச் செய்தேன். சீரான சாம்பல் நிறம், ஒன்றுமில்லை. மூளையுள்ளவள் அத்தோடு விட்டிருப்பாள். ஆரம்பத்தில் இந்த டெஸ்ட்டில் தெரியாமலும் போகலாம், ரொம்ப நாள் ஆகிவிட்டாலும் தெரியாமல் போகலாம் என்று எனக்கு என் படிப்பு எடுத்துக் கொடுத்தது. கிருமியையே உடைத்து, உள்ளே ஒளித்திருப்பதை வெளியே எடுத்து வைத்துச் செய்கிற வேறொரு டெஸ்ட் உண்டு. அதுதான் ஒரு முடிவு சொல்லும். எங்கள் லேபில் அது கிடையாது. மங்கலம்பேட்டைக்காரிக்குப் போன் செய்தேன். ஒரு பேஷண்ட்டுடைய சாம்பிள் என்றேன். கொண்டா என்றாள்.

மாமியாரிடம் சிதம்பரத்துக்கு நடராஜரைக் கும்பிடப் போகிறேன் என்று சொன்னேன்.

"என்னா திடீர்னு?"

"வயித்துல இருக்கறதுக்கு வேண்டிக்கிட்டேன் அத்தை."

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கே கூசியது. கூடையில் தேங்காயும் பூவும் கற்பூரமும் எடுத்து வைத்து, "அர்ச்சனைக்கு அவன் நட்சத்திரத்தயும் சேத்துச் சொல்லு, தீட்சிதருங்க ஒரு பேரோட நிறுத்திடப் போறாங்க" என்று சொல்லி அனுப்பினார். தேங்காய்க்கு அடியில் ஒரு டிபன் பாக்ஸ். அதற்குள் ஐஸ்கட்டி. ஐஸ்கட்டிக்கு நடுவில் எங்கள் இரண்டு பேருடைய ரத்தம். பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது பக்கத்து சீட்டு அம்மாள் கூடையைப் பார்த்து, "கோயிலுக்கா? நல்லது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மங்கலம்பேட்டைக்காரி இரண்டு டியூபையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒன்றில் ஏ என்றும் இன்னொன்றில் பி என்றும் எழுதி ஒட்டியிருந்தேன்.

"பேஷண்ட்டுக்கு நீ என்னிக்கிடி எழுத்து போட்ட? நம்பர்தான போடுவ?"

நான் கூடையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். "ரெண்டு மூணு மணி நேரம் ஆவும். தேங்கா கொண்டாந்திருக்கியே, போயி ஒடச்சுட்டு வா" என்றாள்.

பொய்க்குச் சொன்ன காரணத்தை மெய்யாக்கிவிடுவோம் என்று கோயிலுக்குப் போனேன். இரண்டு பேர் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தேன். ரகசியத்துக்குத் திரையை விலக்கியபோது தங்க வில்வ மாலைகள் தொங்கியது தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை இத்தனை ஜனம் முண்டியடித்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்புகிறது. நானோ ஒரு மனிதனிடம் ஒன்றுமில்லை என்பதைப் பத்து நாளாகப் பார்த்தும் நம்பாமல், அவன் ரத்தத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பக்தி என்று நினைத்துக் கொஞ்சம் வழிவிட்டார்கள்.

திரும்பிப் போனபோது அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். நோய் இருந்தால் தட்டின் குழியில் சிவப்பணுக்கள் பாய் விரித்ததுபோலப் பரவும். இல்லையென்றால் நடுவில் பொட்டாகக் குவியும். இரண்டு வரிசையிலும் அச்சடித்த மாதிரி சிவப்புப் பொட்டு.

"ஏ-ங்கறவளுக்கு இது எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள்.

"மூணு."

"கர்ப்பத்துலயும் பொய்யா காட்டும்னு ஊருக்கெல்லாம் நீதான சொல்லுவ? கொழந்த பொறந்து ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாத்துக்கச் சொல்லு அவகிட்ட." பிறகு ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டே சொன்னாள். "பி-ங்கறவருதான் பாவம்."

நான் சிரித்தேன். சந்தோஷத்தில் எதற்கும் சிரித்திருப்பேன். அவள் ரிப்போர்ட்டை மடித்து, மேசையிலிருந்த ஒரு கவரில் போட்டு ஒட்டி நீட்டினாள். காக்கி கவர்.

"ஏண்டி இதுல போட்ட?"

"வேற எதுல போடுவாங்க? எங்க ஆஸ்பத்திரில எக்ஸ்ரேலேந்து மலம் டெஸ்ட்டு வரைக்கும் எல்லாமே காக்கிதான்."

இருக்கிறது என்று காக்கி கவர் கொடுக்கிற ஊருக்கு, இல்லை என்று எழுதிய காக்கி கவரோடு திரும்பினேன். பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. ஒன்றுமில்லை என்று அச்சடித்து வாங்கிய காகிதத்தை ராத்திரி இன்னொரு தரம் படிக்க வேண்டும்போல இருந்தது. விபூதிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கூடையை வைத்துவிட்டுக் கால் கழுவப் போனேன்.

கால் கழுவிவிட்டு வருவதற்குள் மாமியார் பிரசாதம் எடுக்கக் கூடைக்குள் கையை விட்டிருக்கிறார். மாமியாரும் திருப்பாதிரிப்புலியூர்க்காரர்தானே. காக்கி கவர் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வந்தபோது கூடத்தில் கவரை ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றார். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் என் கணவர்.

"உம்பொண்டாட்டி கோயில்லேந்து என்னா எடுத்தாந்திருக்கா பாரு. பிரிச்சுப் படிடா. என் எதிர்லயே படி."

அவர் கவரைப் பிரித்தார். காகிதத்தைப் பார்த்தார். வாய்விட்டே படித்தார். "ஏ நெகட்டிவ். பி நெகட்டிவ்."

எனக்கு மின்னல் மாதிரி ஒரு புத்தி வந்தது. அதைப் புத்தி என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

"ப்ளட் குரூப்பு அத்தை! அன்னைக்கி எடுத்தேனே, அந்த ரிசல்ட்டு. எனக்கு ஏ நெகட்டிவ், அவருக்கு பி நெகட்டிவ்."

"அதுக்கு எதுக்குடி காக்கி கவரு?"

"சிதம்பரத்துல எல்லாத்துக்குமே காக்கிதான் அத்தை."

மாமியார் மகனைப் பார்த்தார். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். மாமியாருக்கு மூச்சு திரும்பியது. "வயித்துல நெருப்ப அள்ளிக் கொட்டிட்டியேடி" என்று தேங்காய் மூடியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். சட்னிக்கு மிக்சி ஓட ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்துக்கு அடியில் அவர் கேட்டார். "எனக்கு பி நெகட்டிவா?"

"ஆமாங்க."

காகிதத்தை மடித்துக் கவரில் போட்டார். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கி நீ என்கிட்ட கேட்டது ஒரே ஒரு கேள்வி. நான் பதில் சொன்னேன்."

கையில் இருந்த துண்டை முறுக்கிக்கொண்டு நின்றேன். காகிதத்தின் தலைப்பில் டெஸ்ட்டின் பெயர் இருந்தது. அவர் பிரசவ டாக்டர்களிடம் மருந்து விற்கிறவர். அந்தப் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"அப்ப ஞாயித்துக்கெழம, குரூப்புக்கு இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எதுக்குன்னு ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவ. ரத்தம் வேணும்ங்கறது மட்டும் நெசம்னு தெரிஞ்சுது. குடுத்துட்டேன்."

கிருமியில் ஆரம்பித்துப் பிரிக்காத சோப்பு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மிக்சி நின்றபோது நானும் நிறுத்தினேன். மறுபடி ஓடியபோது தொடர்ந்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கொழந்தைக்கு ஒண்ணுமில்லல்ல?" இல்லை என்றேன். சரி என்று எழுந்து குளிக்கப் போனார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருப்பேன்.

குழந்தை நன்றாகப் பிறந்தது, பெண். ஆறு மாதம் கழித்து என் ரத்தத்தை மறுபடி பார்த்தேன். சீரான சாம்பல் நிறம். அந்த முறை ஒரு டியூப்தான் எடுத்தேன். லேபில் முதலாளி கடைசியில் கவரை மாற்றிவிட்டார். காக்கி எல்லோருக்கும் தெரிந்துபோய்விட்டதாம், இப்போது ரோஸ் கலர். "பொய்யாவும் வரும்" என்கிற அந்த வாக்கியத்தை நான் மூச்சு விடாமல் சொல்வதை விட்டுவிட்டேன். கவர் வாங்குகிற பெண்ணை உட்காரவைத்து, ரப்பர் பட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறேன்.

எல்லா வீட்டையும்போல எங்கள் வீட்டிலும் சண்டை வரும். நான் எங்கே போனீர்கள், யார் போனில், ஏன் லேட் என்று அடுக்கிக்கொண்டே போவேன். அவருக்குப் பதில் பேச வராது. எழுந்து வந்து, இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் நிதானமாக மடித்துவிட்டு, என் முன்னால் கையை நீட்டுவார். "அப்பாவுக்கு ஊசி போடப் போறியாம்மா?" என்று பெண் கேட்பாள். நான் அந்தச் சட்டையின் மடிப்பை இறக்கிவிட்டிருக்கிறேன், பலமுறை.